சிவப்பென்றால் எப்படி இருக்கும்

என் வீட்டுக்காரர் சவுரிராயனுக்கு விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் இன்ஜின் துடைக்கிற வேலை. முப்பத்தெட்டாம் வருஷம் இன்ஜினில் கரி அள்ளிப்போடுகிற பயர்மேன் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குக் கண் பரீட்சை உண்டு. டாக்டர் ஒரு கம்பளி நூலைக் காட்டுவார். அதே கலர் நூல்களைக் குவியலிலிருந்து பொறுக்கிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று சிரித்தேன். ஒலக்கூரில் கழனி வேலை செய்தவள் பயர்மேன் பொண்டாட்டி ஆகப்போகிறேன்! தலைகால் புரியவில்லை எனக்கு.

நான் வேலை செய்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பின்னி மிஞ்சிய நூலைக் கேட்டு வாங்கி வந்தேன். சிவப்பைக் காட்டி, "இதே மாதிரி எடுங்க" என்றேன். சிவப்போடு பச்சையையும் அள்ளிக் கொடுத்தார்.

"வெளையாடாதீங்க, எனக்கு வேலை கெடக்குது."

"நான் எங்க வெளையாடறேன்? எல்லாம் ஒண்ணாத்தானே இருக்குது?"

தூக்கிவாரிப் போட்டது. "அப்ப இத்தினி நாளா இலை பச்சை, ரத்தம் செவப்புன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே?"

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். எல்லார் கண்ணுக்கும் இப்பிடித்தான்னு நெனச்சேன்."

நான் விடுகிற ஆளா? கருப்படித்துத் தெரிந்தால் இது, வெளுத்துத் தெரிந்தால் அது என்று உருப்போட வைத்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு நூல்கூடத் தப்பவில்லை. அன்று சாயங்காலம் சந்தோஷமாக ஸ்டேஷன் பாலத்தில் ஏறினோம். தூரத்துக் கைகாட்டிச் சிக்னலைக் காட்டி, என்ன கலர் என்றேன். சிவப்பு என்றார், சரியாக.

"எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"கட்டை நீட்டிக்கினு நிக்குதே. எறங்கினா பச்சை."

பேசிக்கொண்டே இருந்ததில் இருட்டிவிட்டது. கட்டை மறைந்து விளக்கு மட்டும் தெரிந்தது. "இப்ப?" என்றேன்.

வெகுநேரம் பார்த்தார். "நீயே சொல்லு."

ராத்திரி வண்டியில் பயர்மேனும் சிக்னல் பார்த்துச் சொல்ல வேண்டுமே!

"செவப்புன்னா எப்பிடி இருக்கும் மேரி?"

ரத்தம் மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு ரத்தம் எப்படித் தெரிகிறதோ! பிறந்ததிலிருந்து பார்க்கிற நிறம், அதைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்குத் தெரிகிற சிவப்புதான் பக்கத்து வீட்டு அம்மணிக்கும் தெரிகிறதா? அதை யாரைப் போய்க் கேட்பது?

பாலத்துக்கு அடியில் பட்டணத்து வண்டி கிளம்பியது. பெட்டி பெட்டியாக ஜனம். பிள்ளையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு ஒருத்தி ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போவாதீங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நானும் அதான் சொல்ல வந்தேன். நீ திட்டுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

திட்டத்தான் செய்தேன். வீடு வந்து சேரும்வரை வாய் ஓயவில்லை, அவர் கையையும் விடவில்லை.