நனையாத செதில்கள்

எங்கள் கேதேஸ் ஊரில் ஏனான் வீட்டின் மேல் மட்டும் தினமும் காலையில் இரண்டு கூடை மரச்செதில் வானத்திலிருந்து விழும். எல்லாம் கர்வாலி மரத்துச் செதில். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு சிராய்கூட விழாது. மழைக்காலத்தில் ஊரே சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கும்போதும் அது காய்ந்த எலும்பு மாதிரிதான் விழும். முதல் வாரம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். இரண்டாவது வாரம் ரொட்டி சுடுகிற ஒக்லாள் கூடையோடு வந்து நின்றாள். மூன்றாவது வாரம் அவளுக்குப் பின்னால் பத்துக் கூடைகள் நின்றன. அதிசயமோ என்னவோ, அடுப்பு எரிந்தால் சரி என்கிற ஜனங்கள் நாங்கள்.

கேதேஸ் அடைக்கலப் பட்டணம். கைதவறி ஒருவனைக் கொன்றவன் ஓடிவந்து எங்கள் வாசலில் நின்றால், பெரியவர்கள் விசாரித்து உள்ளே விடுவார்கள். செத்தவனின் உறவுக்காரன் பழிதீர்க்கக் கத்தியோடு வந்தாலும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. பிரதான ஆசாரியர் சாகும்வரை கொன்றவனும் அந்தக் கல்லைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அவர் இறந்தால் பயமில்லாமல் ஊர் திரும்பலாம். ஏனான் அப்படி வந்தவன்தான். கூடாரப் பண்டிகைக்குப் பந்தல் போடக் கர்வாலிக் கிளை வெட்டப் போன இடத்தில் அவன் கையிலிருந்த கோடாலி காம்பைவிட்டுக் கழன்று, கூட வெட்டிக்கொண்டிருந்த பெதாயேலின் நெற்றியில் பாய்ந்துவிட்டது. பெதாயேல் பக்கத்து வயல்காரன், ஒரே தட்டில் கைபோட்டுத் தின்ற சிநேகிதன். வாசலில் பெரியவர் அகீரா எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"முந்தின நாளு காம்பத் தண்ணியில ஊறப்போட்டியாப்பா?"

கோடையில் சுருங்கிய காம்பு ஊறினால்தான் உப்பி இரும்பைக் கவ்விப் பிடிக்கும். எங்கள் மலையில் பால் மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். "போட்டேங்க ஐயா," என்றான் ஏனான். போடவில்லை. கிணறு தூரம், விடிந்தால் பண்டிகை, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டான். மறுநாள் காலையில் செதில் விழ ஆரம்பித்தது.

பதினேழு வருடம் விழுந்தது. ஊர் செய்த நல்லதெல்லாம் அவனை முள்ளாகக் குத்தியது. பிரதான ஆசாரியரின் தாய், தன் மகன் சீக்கிரம் சாகட்டும் என்று அடைக்கலம் வந்தவர்கள் வேண்டிக்கொள்வார்களோ என்று பயந்து, வருடந்தோறும் அவர்களுக்குக் கம்பளி ஆடையும் அத்திப்பழ அடையும் அனுப்பிவைப்பாள். ஏனான் அந்த ஆடையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் போடுவான். நல்ல பக்கம் தனக்குத் தகாது என்று வெட்கம். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. அடைக்கலம் வந்தவனுக்கு ஊர் மரியாதை செய்தால், அவன் முதலில் "நான் கொலைகாரன்" என்று சொல்ல வேண்டும். ஊர் "இருந்தாலும்" என்று சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். கல்யாணப் பந்தியில் அவனை முன்னால் உட்காரவைத்தால் தலைகுனிந்து அதைச் சொல்வான்.

"சொல்லிட்டியாண்ணே? சரி, இருந்தாலும் தின்னு. ரொட்டி ஆறுது," என்பாள் ஒக்லாள்.

எல்லோரும் சிரிப்பார்கள். அவன் மட்டும் உள்ளுக்குள் கூசிப்போவான். பெரிய உண்மையைச் சொல்லிச் சின்னப் பொய்யை மறைப்பது அவனுக்கு அவ்வளவு சுலபமாகியிருந்தது.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பெதாயேலின் தம்பி சில்லேம் ஆடு மேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், மடியில் கத்தியோடு. கறுத்த தாடி அங்கேயே நரைத்தது. காலையில் அவன் பக்கமிருந்து புகை எழும்பும். குளிர்காய்கிறான் என்று நினைத்தோம். யாரும் கிட்டே போனதில்லை.

அகீரா இறந்தபோது அவர் இடத்தில் உட்காரச் சொல்லி ஊரே திரண்டு ஏனானைக் கூப்பிட்டது. "நான் கொலைகாரன்," என்றான். "இருந்தாலும்!" என்றோம், ஒரே குரலாக. அவன் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு ஒருவன் ரத்தக்கையோடு ஓடிவந்தால் அகீரா கேட்ட மாதிரிக் கேள்விகளை இவன்தான் கேட்க வேண்டும்.

"நான் காம்ப ஊறப்போடல," என்றான்.

இதற்கு யாரும் இருந்தாலும் என்று சொல்லவில்லை. பொய் சொல்லி நுழைந்தவனுக்கு அடைக்கலம் ஏது என்றார் ஒருவர். சோம்பல் கொலையாகுமா என்றார் இன்னொருவர். பதினேழு வருடம் அந்தச் செதிலில் சுட்டுத் தின்றவர்கள் நாங்கள். அது ஏன் ஒருநாளும் நனையவில்லை என்று கேட்கத் தோன்றாததற்கு எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஏனான் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. நடந்துபோய் எல்லைக்கல்லைத் தாண்டி சில்லேம் முன்னால் நின்றான். ஊரும் பின்னாலேயே போய்க் கல்லுக்கு உள்ளே நின்றது.

"காம்ப நான் ஊறப்போடல தம்பி. ஊறப்போட்டேன்னு வாசல்ல பொய் சொன்னேன். இனி உன் இஷ்டம்."

சில்லேம் எழுந்திருக்கவில்லை. "அந்தக் கோடாலி யாரோடது?" என்றான்.

"உங்க வீட்டுது. இரவல் வாங்கினது."

"எடுத்துக் குடுத்தது யாரு?"

"நீதான்."

"காம்ப இறுக்குற ஆப்பு விழுந்துபோச்சுன்னு எனக்குத் தெரியும். வாங்கிட்டுப் போறவன் பாத்துக்குவான்னு சொல்லாமக் குடுத்துட்டேன்." சில்லேம் தன் பின்னால் கிடந்த கம்பளியை விலக்கினான். அதன் அடியில் ஒரு குவியல் கர்வாலிச் செதில். "என் தலையிலயும் தினம் விழுது அண்ணே. வெட்கம் தாங்காம, ஊரு பாக்குறதுக்குள்ள எரிச்சிடுவேன். இன்னைக்கி நேரமாயிடுச்சு."

பிறகு எழுந்து, கத்தியை எல்லைக்கல்லின் மேல் வைத்து, எங்களைப் பார்த்து, "நானும் கொலைகாரன்," என்றான்.

ஒக்லாள்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இருந்தாலும்," என்றாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்க. உங்களால அங்க ரொட்டி கருகுது."

சில்லேம் ஏனான் வீட்டிலேயே தங்கினான். மறுநாள் காலை அந்த வீட்டின் மேல் நான்கு கூடை செதில் விழுந்தது. அத்தனையும் தண்ணீரில் ஊறி உப்பிய செதில். அடுப்பெல்லாம் புகைந்து கண் எரிந்த ஒக்லாள் வீடு தேடி வந்து சண்டை போட்டாள். இரண்டு வருடம் கழித்துப் பிரதான ஆசாரியர் இறந்தார். மற்ற அடைக்கலக்காரர்கள் ஊர் திரும்பினார்கள், இவர்கள் திரும்பவில்லை. இப்போதும் கேதேஸில் ரொட்டி சுடுகிறவர்கள் செதிலை ஒரு நாள் வெயிலில் காயப்போட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும்.