தார்ன்பி குடும்பத்து நாற்காலி

ஊசிமேட்டு மலையில் செத்துப்போன ஒருவரின் பெயரை உரக்கச் சொன்னால் அவருடைய ரத்தச் சொந்தங்களுக்கு விக்கல் எடுக்கும். கீழே சமவெளியில் யாராவது நினைத்தாலே விக்கல் வந்துவிடும் என்கிறார்கள். ஊசிமேட்டுக்காரர்கள் அவ்வளவு மலிவாக விக்குவதில்லை. பெயர் முழுசாக இருக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அங்கே இப்படித்தான் தீர்ந்துவந்தது.

ஆகவே எட்மண்ட் தார்ன்பி துரையின் வம்சத்தைத் தேடி வந்த வம்சாவளித் துறை அதிகாரி தியாகசீலன், ஜீப்பின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்தார். தார்ன்பி முதலில் பட்டாளத்தில் கேப்டன். பிறகு கீழே வரி வசூலித்த அதிகாரி. அதுவும் சலித்து, காட்டை வெட்டிக் காப்பி போட்டார். காப்பியில் நோய் விழுந்ததும் தேயிலை போட்டார். நாற்பது வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கல்யாணமே ஆகாதவருக்கு வாரிசு ஏது என்று யாரும் கேட்கவில்லை. துரைமார்களைப் பற்றி ஊசிமேட்டுக்குக் கொஞ்சம் தெரியும்.

வாரிசைக் கேட்டு வந்தவர் மிஸ் தார்ன்பி, துரையின் அண்ணன் வழியில் மிஞ்சிய கடைசி ஆள். இங்கிலாந்தில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துரையின் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் தார்ன்பி குடும்பத்தில் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. துரை கப்பலேறியதிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்துத் தின்று, ஒவ்வொருவராகச் செத்தார்கள். மிஸ் தார்ன்பி குடைக்கம்பி மாதிரி இருந்தார். நாற்காலியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாரிசு அகப்பட்டதும் அதில் உட்காரவைத்து அப்படியே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். உட்கார்ந்தவர் அதன்பிறகு எழுந்திருக்கக்கூடாது.

"எட்மண்ட் தார்ன்பி!" என்று ஒலிபெருக்கி தேயிலைச் சரிவெங்கும் முழங்கியது. ஜீப்பின் முன்சீட்டில் மிஸ் தார்ன்பி கைக்குட்டைக்குள் மரியாதையாக விக்கினார். ஒலிபெருக்கி ஒழுங்காக வேலை செய்கிறது என்று தியாகசீலன் அதிலிருந்து தெரிந்துகொண்டார்.

ஜீப் தொழிலாளிகள் குடியிருக்கும் கீழ் லயத்து வரிசை வீடுகளின் பக்கம் வந்தபோது கோட்டைச்சாமி வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தான். டீ ஃபேக்டரியில் இலை வாட்டுகிற வேலை அவனுக்கு. அவன் மனைவி பூரணத்தாய், கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஐந்தாம் மாதம். துரையின் பெயர் சன்னல் வழியே உள்ளே வந்தது. கோட்டைச்சாமி விக்கினான்.

பூரணத்தாய் ஊதுகுழலைக் கீழே போட்டாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"தண்ணியக் குடிங்க."

குடித்தான், விக்கினான். ஒரு வாய் சீனியைப் போட்டுக்கொண்டு விக்கினான். ஜீப் வாசலுக்கே வந்துவிட்டது. விக்குகிற பிள்ளையிடம் எதையாவது திருடிவிட்டாய் என்று பொட்டில் அடித்தாற்போலச் சொன்னால் திடுக்கிட்டு விக்கல் நின்றுவிடும். அது எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான்.

"ஏங்க, என் மூக்குத்தியத் திருடுனது நீங்கதானே!"

"நானா?" என்று கோட்டைச்சாமி ஆடிப்போனான். விக்கல் நின்றது. ஜீப் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

முகத்தைத் துடைத்துக்கொள்ளும்போதுதான் அவளுக்கு மூக்கு வெறுமையாக இருப்பது தெரிந்தது. கோட்டைச்சாமி சட்டைப்பையில் கையைவிட்டு மூக்குத்தியை எடுத்துக் கொடுத்தான்.

"எப்ப எடுத்தேன்னே தெரியல புள்ள."

"சரி, விடுங்க."

ஊசிமேட்டில் விக்கலை நிறுத்திய குற்றச்சாட்டு பொய்யாக இருப்பதில்லை. அவளுக்கு அது தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்துவிட்டாள்.

மறுநாள் ஜீப் வந்தபோது மூக்குத்தி செல்லுபடியாகவில்லை. ஒருமுறை கேட்ட பழிக்கு யாரும் இரண்டாம் முறை திடுக்கிடுவதில்லை. ஃபேக்டரி மணியைத் திருடியதாக வாயில் வந்ததைச் சொன்னாள். மணி போய் அவர்கள் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தது. கோட்டைச்சாமி அதன் நாக்கைத் துணியால் கட்டி, கம்பளிக்குள் சுமந்துகொண்டுபோய்த் திரும்ப மாட்டினான். அதற்கு அடுத்த நாள் மாரியம்மனின் வெள்ளிக் கண்மலர். அது அவனுடைய தூக்குவாளிக்குள், மிச்சமிருந்த ரசத்தில் கிடந்தது. லயத்துச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர்; பக்கத்து வீடுகளுக்குக் கேட்காமல் இருக்குமா? வேலையில் யாரும் அவன் பக்கத்தில் கைப்பையை வைப்பதில்லை. ஒருநாளும் அடுத்தவன் தீப்பெட்டியைக்கூடத் தொடாதவன், கண்மலரைக் கழுவி ஈரத்துணியில் முடிந்துகொண்டே அழுதான்.

"எம்புட்டுப் பழிதான் புள்ள போடுவ?"

"ஒங்கள நாக்காலியோட தூக்கிட்டுப் போறதுக்கு இது தேவலங்க."

ஆனால் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. சின்னப் பழிகள் தீர்ந்துகொண்டே வந்தன. இனி எதைச் சொன்னாலும் பெரிதாகத்தான் சொல்ல வேண்டும், சொன்னது நடந்ததாகிவிடும். பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்த இடத்தில், எல்லோரையும் ஒன்றாக நிறுத்திப் பெயர் சொல்லப்போகிறார்கள் என்று வேறு சேதி வந்தது. அங்கே கதவைச் சாத்த முடியாது. அவள் ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு தியாகசீலனிடம் போனாள்.

"சார், அந்த நாக்காலில யாரெல்லாம் ஒக்காரக் கூடாது?"

"ரத்தச் சொந்தம் யாரா இருந்தாலும் ஒக்காரலாம்மா. துரையைக் கொன்னவன் மட்டும் முடியாது. கொன்னவனுக்கு வாரிசுரிமை கெடையாது. அது சட்டம்." டீயை ஆற்றிக்கொண்டே அவர் பெருமூச்சு விட்டார். "ஆள் அகப்பட்டாலும் எனக்கு வேலை முடியாது. நடுவுல ஒரு பொம்பளை இருந்திருக்கணும். துரைக்குப் புள்ள பெத்தவ. பேரும் தெரியல, ஊரும் தெரியல. அந்த எடம் காலியா இருந்தா வம்சாவளி நிக்காது."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று இரவு கோட்டைச்சாமியின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்தாள். அவன் தூங்கிப்போனான். அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பெரட்டுக்களத்தில் பனி இறங்கியிருந்தது. நடுவே நாற்காலி. கருமர நாற்காலி, கைப்பிடிகளில் சிங்கமுகம். பக்கத்தில் மிஸ் தார்ன்பி கைக்குட்டையோடு நின்றார். தியாகசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொன்னார். மிஸ் தார்ன்பி விக்கினார். ஆண்கள் வரிசையில் கோட்டைச்சாமி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் சொன்னார். அவனுடைய தோள் குலுங்கியது. மூன்றாம் முறை விக்கல் அவன் வாயைத் திறந்துகொண்டு களம் முழுக்கக் கேட்டது.

வரிசை விலகி வழிவிட்டது. மிஸ் தார்ன்பி கைக்குட்டையாலேயே நாற்காலியைத் துடைத்தார். கோட்டைச்சாமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்தான். கூப்பிட்டால் போய்விடுகிற சுபாவம் அவனுக்கு. பாதி உட்கார்ந்தும்விட்டான்.

"தார்ன்பி தொரையக் கொன்னது நீங்கதானே!" என்று பூரணத்தாய் அலறினாள்.

விக்கல் நின்றது. கோட்டைச்சாமி பாதி உட்கார்ந்தபடியே திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "காய்ச்சல் மருந்துல வெஷத்தக் கலந்து குடுத்தேன்."

தியாகசீலன் ஒலிபெருக்கியை அணைத்தார். நாற்காலியை அவன் அடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பூரணத்தாய் மார்பில் கைவைத்து மூச்சுவிட்டாள். ஜெயில் என்றால் கீழே டவுனில் இருக்கும், பஸ் உண்டு, சோறு கொண்டுபோகலாம். இங்கிலாந்துக்கு என்ன பஸ்ஸா இருக்கிறது? இவ்வளவும் யோசித்துத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

ஆனால் துரையைக் கொன்றவனுக்கு ஜெயில் இல்லை. துரை வாழாமல் விட்ட வருஷங்களை, அவரைக் கொன்றவனே துரையாக இருந்து வாழ்ந்து முடிக்க வேண்டும். நாற்பதில் போனவர், எப்படியும் எழுபதுவரை இருந்திருப்பார் என்று மிஸ் தார்ன்பி சொன்னார், அவர்கள் குடும்பத்தில் நின்று சாப்பிட்டவர்களே எழுபது தாண்டியிருக்கிறார்கள். எஸ்டேட் மேனேஜர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுத் தன் சாமான்களோடு மலையிறங்கினார். கோட்டைச்சாமிக்குத் தொப்பியும் பூட்சும் கொண்டுவந்தார்கள். பூட்ஸ் சரியாக இருந்தது.

அன்று பங்களாவின் சாப்பாட்டு அறையில் நாற்காலியைப் போட்டார்கள். இப்போது துரையே வந்து உட்கார்ந்ததால் வாரிசு தேவைப்படவில்லை. மிஸ் தார்ன்பி எதிரே அமர்ந்து, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் துரை பெரட்டுக்கு வந்தார். பெண்கள் வரிசையில் பிரம்பை ஆட்டிக்கொண்டே நடந்துவந்து பூரணத்தாய் முன்னால் நின்றார்.

"ஒன் பேரு என்னா?"

"பூரணத்தாய், தொரே."

"முத்தல் எலையா எடுக்குற. கொழுந்தப் பாத்து எடு."

"சரிங்க தொரே."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்திருக்கும். ஆனால் துரைமார்கள் பெரட்டில் அழுவதில்லை, அவரும் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சூப்பும் ரொட்டியும் அந்த மனுஷனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரியாதா? தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். முன்வாசல் லயத்து ஆட்களுக்கு இல்லை. தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே தியாகசீலன் ஊருக்குப் புறப்பட ஒலிபெருக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். வயிற்றையும் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"ஆள் கெடைச்சாச்சு," என்றார். "துரை வீட்டுக்குப் பின்வாசல் வழியாப் போற பொம்பளை. இந்த ஒரு எடந்தான் இத்தனை நாளா காலியாக் கெடந்துச்சு."

"நானா சார்?"

"நீதாம்மா." விரலை மடக்கி வம்சத்தை மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கிப் பார்த்தார். "பொறக்கப் போறது ஒன் வீட்டுக்காரனோட தாத்தா."

பூரணத்தாய் தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பேரு வைக்கட்டும் சார்?"

"பேரெல்லாம் அப்பவே வெச்சாச்சும்மா."

"தொரை புள்ளையத் தூக்கிக் கொஞ்சுவாரா?"

தியாகசீலன் மறுபடியும் விரலை மடக்கிப் பார்த்தார்.

"கொஞ்சுனதா எங்கயும் இல்லையேம்மா," என்றார்.

 வயிற்றுக்குள் பெரியவர் புரண்டு படுத்தார். அவர் தூக்கம் கலையாதபடி, பூரணத்தாய் பின்வாசல் படிகளில் மெதுவாக ஏறினாள்.