வாப்பாவை வீடு சேர்த்தது

கையை எடுத்தால் வாய் திறந்துகொண்டது. ஷப்னா வாப்பாவின் தாடையை உள்ளங்கையால் மறுபடியும் மேலே தள்ளி அழுத்திப் பிடித்தாள். துவர்த்துத் துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாயிற்று. முடிச்சுப் போட்டதுமே முகத்தில் மையத்துக் களை, பிணக்களை வந்துவிட்டது. அவிழ்த்துவிட்டாள்.

"கெட்டாம வச்சா தொறந்தபடியே வெறச்சிரும்," என்றான் ஃபாயிஸ். அவள் புருஷன். கேரவனுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாமல் கழுத்தை வளைத்து நின்றான்.

"கெட்டினா எல்லாவனுக்கும் தெரியும்."

"தெரியட்டு. ஆஸ்பத்திரிக் கடுதாசி இருக்குல்லா. காட்டினா விட்டுருவானுவளாயிருக்கும்."

"ஆயிருக்கும்னா?"

அவன் ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.

"கடுதாசி வீட்டு அலமாரில கெடக்கு மச்சான்," என்றாள்.

வாப்பா யாக்கூப் இருபத்தாறு வருஷம் சவுதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டியவர். வண்டி கேபினிலேயே உறங்கிப் பழகிய உடம்பு. ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். திற்பரப்பு அருவிக்குக் கொஞ்சம் கீழே, கோதையாற்றங்கரையில் கேரவன்களை வரிசையாக நிறுத்தி ஆட்களைத் தங்கவைக்கிறார்கள். அதில் இரண்டு ராத்திரி கிடக்க வேண்டும். "ஊரு உலகமெல்லாம் லோடு எறக்கியாச்சு. பத்மநாபபுரம் அரண்மனைக்க வாசலக் கண்டதில்ல," என்றார். சாகக் கிடக்கிற மனுசனை வீட்டை விட்டு எடுக்கிறதா என்று உம்மா சுபைதா பேகம் கத்தினாள். ஷப்னா கேட்கவில்லை. துபாயிலிருந்து தம்பி பர்வேஸ் போனிலேயே இடம் பிடித்துக் கொடுத்தான்.

அரண்மனையின் வாசலைத்தான் பார்த்தார். படி ஏற முடியவில்லை. சிதறால் மலையைக் காரில் இருந்தபடி பார்த்தார். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் மட்டும் ஃபாயிஸின் தோளைப் பிடித்துக் கால்வாசி தூரம் நடந்தார். கீழே ஆற்றைப் பார்த்துவிட்டு, "இதுல டிரெய்லர் போவாது," என்று திரும்பிவிட்டார்.

இன்று காலை எட்டு மணிக்கு ஷப்னா வெளியே நின்று பர்வேஸுக்கு வீடியோ காலில் ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஃபாயிஸ் சாயா வாங்கப் போயிருந்தான். உம்மா குளியலறையில். போனை வைத்துவிட்டு ஷப்னா உள்ளே வந்தபோது வாப்பாவின் மூச்சு நின்றிருந்தது. காதில் வாயை வைத்துக் கலிமா சொன்னாள். ஏழெட்டுத் தடவை சொன்னாள். இனி அந்தக் காது கேட்காது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

போன வருஷம் வாப்பாவின் சேக்காளி ஒருவர் கன்னியாகுமரியில் லாட்ஜில் படுத்தவர் எழும்பவில்லை. வெளியிடத்துச் சாவு என்று போலீஸ் வந்தது, போஸ்ட்மார்ட்டம் நடந்தது. மையத்தைக் குளிப்பாட்டிய நாலு பேரில் வாப்பாவும் ஒருவர். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஊத்துன வெள்ளம் தையலு வழியா வந்துச்சு. என்ன யாரும் கீற விடாதீங்க," என்றார். ஷப்னாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வீட்டுல வச்சு மவுத்தானாருன்னே இருக்கட்டு," என்றாள் ஷப்னா. "உம்மா, கார் கேட்டத் தாண்டுதது வரைக்கும் சத்தம் வரப்பிடாது."

எதிர்க் கட்டிலில் உம்மா துப்பட்டியின் முனையை வாய்க்குள் திணித்து உட்கார்ந்திருந்தாள். அதை வெளியே எடுத்தாள். "நீ ஒனக்க வாய மூடு. நான் அழல்ல." மறுபடி திணித்துக்கொண்டாள்.

"பாய் எந்திச்சாச்சா?"

வெளியே பகவதியப்பனின் குரல். இந்த இடத்தின் மேனேஜர். இரண்டு சாயங்காலமும் வாப்பாவோடு வாயடித்தவன். கிளம்புகிற ஒவ்வொரு குடும்பத்தையும் ஆற்றங்கரையில் நிறுத்திப் போட்டோ எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுவது அவன் வழக்கம்.

"வெளிய வாரும் ஓய். ஒம்ம மோறையச் சொவத்துல ஒட்டணும். பிள்ளையளப் பயங்காட்ட ஒரு ஆளு வேணும்லா."

ஃபாயிஸ் கதவை ஒரு சாண் திறந்தான். "மாமாக்குப் பனிக் காய்ச்சல் அடிக்கி. மாத்திரை குடுத்து ஒறங்க வச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு எடுக்கோம்."

"அட, நேத்து என்னைய அந்தக் களியாக்கல் களியாக்கிச் சிரிச்சாரே. மாறு மக்கா, நானும் ஒரு கை பிடிக்கேன்."

"வேண்டாம்ணே, நாங்க ரெண்டுபேரு..."

அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான். நேராகக் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் கைவிட்டு இரண்டு பாதங்களையும் பிடித்தான்.

பிடித்தவன் தூக்கவில்லை.

வெளியே ஆறு போகிற சத்தம் கேட்டது. ஷப்னா அவனுடைய கைகளையே பார்த்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு வாப்பாவின் தாடையில் இருந்த அவள் கையைப் பார்த்தான். உம்மாவின் வாயில் இருந்த துணியைப் பார்த்தான்.

"பாதம் தணுத்துக் கெடக்கு," என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "போர்வைய நல்லா மூடுங்கக்கா. மக்கா, நீ தோளப் பிடி. பைய. படில தட்டப்பிடாது."

காரின் பின்சீட்டில் உம்மாவுக்கும் ஷப்னாவுக்கும் நடுவே வாப்பாவைச் சாய்த்து வைத்தார்கள். போட்டோ பேச்சை அவன் எடுக்கவில்லை. கையில் வைத்திருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டின் சங்கிலியை இறக்கிவிட்டு, ஃபாயிஸின் பக்கம் குனிந்தான்.

"குலசேகரம் வழி போவாண்டாம். செக்கிங் நிக்கும். அருமனை வழி பிடி."

போலீஸ் வந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்ற பயமாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். ஷப்னாவுக்கு அதை யோசிக்கத் திராணியில்லை. வளைவுகளில் வாப்பாவின் தலை அவள் தோளிலிருந்து நழுவியது. ஒரு கையால் தலையையும் மறு கையால் தாடையையும் பிடித்துக்கொண்டாள்.

மார்த்தாண்டம் வருவதற்குள் பர்வேஸ் மூன்று முறை வீடியோ காலில் அழைத்துவிட்டான். போன் அவள் மடியில் கிடந்து அதிர்ந்தது. நாலாவது முறை ஃபாயிஸ் ஒரு கையைப் பின்னால் நீட்டி அதை வாங்கி அணைத்தான்.

கருங்கல் சந்தையில் கார் மாட்டிக்கொண்டது. முன்னால் மரச்சீனிக் கிழங்கு லோடு, பின்னால் பஸ், பக்கத்தில் இன்னொரு பஸ். அந்த பஸ்ஸின் ஜன்னலில் ஒரு பெண் தலையைச் சாய்த்துக் காருக்குள் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைத் தோளில் தட்டி, அவளையும் பார்க்கச் சொன்னாள்.

உம்மா வாயிலிருந்து துணியை எடுத்தாள்.

"நான் அப்பமே சொன்னேன்லா," என்றாள் வாப்பாவிடம். "அந்தப் பாலத்துல காத்து கொள்ளாதேயும்னு சொன்னேன்லா. கேட்டீரா? எந்தக் காலத்துல என் பேச்சக் கேட்டிருக்கீரு? இப்பம் கெடந்து அனுபவியும்." அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "சூடு கொறஞ்சிருக்கு. வீட்டுல போய்க் கஞ்சி வச்சுத் தாறேன். பேசாண்டாம். ஒறங்கும்."

பஸ்காரி திரும்பிக்கொண்டாள். கிழங்கு லாரி நகர்ந்தது. உம்மா துணியைத் திரும்ப வாயில் வைக்கவில்லை.

கருங்கல் தாண்டியதும் ஷப்னா கையை எடுத்துப் பார்த்தாள். வாய் மூடியே இருந்தது. இறுகிவிட்டது. கையைத் திரும்ப அங்கேயே வைத்தாள்.

தேங்காப்பட்டணத்தில் வீட்டுக் கட்டிலில் வாப்பாவைக் கிடத்தி, மேற்கே கிப்லா பக்கம் முகத்தைத் திருப்பி வைத்த பிறகுதான் ஃபாயிஸ் வெளியே போய்ச் சொன்னான். கால் மணி நேரத்தில் வீடு நிறைந்தது. மோதினார் வந்து கட்டிலருகே நின்று துவா ஓதினார். பள்ளிவாசல் மைக்கில் சொல்வதற்கு அவருக்கு விவரம் வேண்டியிருந்தது.

"எத்தன மணிக்கு மோளே?"

ஷப்னா ஃபாயிஸைப் பார்த்தாள்.

"பதினொண்ணு பத்துக்கு," என்றான் ஃபாயிஸ். "வந்து கெடத்தினதும் போச்சு."

"பக்கத்துல ஆரு இருந்தா?"

"எல்லாரும்தான்."

"குடுத்து வச்ச மனுசன். கேரவன்ல கெடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. வீட்டுல வந்து கண்ண மூடிட்டாரே." அவர் வாப்பாவின் வயிற்றையும் மார்பையும் மூடியிருந்த துணியைச் சரிசெய்தார். "ஒரு கீறலு கூட இல்லாத மவுத்து."

ஷப்னா அடுக்களைக்குப் போய்ப் போனைப் போட்டாள். பர்வேஸுக்கு யாரோ முந்திச் சொல்லியிருந்தார்கள். சத்தம் போட்டு அழுதான். அவன் அடங்கும்வரை இவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஏன் போன எடுக்கல்ல? நான் அத்தன வாட்டி அடிச்சேனே."

"கார்ல இருந்தோம்டா."

"கடைசில என்னவாச்சும் சொன்னாரா? சொல்லு. என்ன சொன்னாரு?"

ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தேன், உனக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஷப்னாவுக்கு வாய் வந்தது. பின்னால் வந்து நின்ற உம்மா போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"மோனே, வாப்பா வெள்ளம் கேட்டாரு. நான் குடுத்தேன். மூணு மடக்கு குடிச்சாரு. நீ ஒண்ணும் வெசனப்படாத."

போனை ஷப்னாவிடம் நீட்டினாள். பானையைத் திறந்து ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டாள். கூடியிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் தலைமாட்டில் அதை வைத்தாள். பிறகு எடுத்து, கொஞ்சம் கையில் ஊற்றிச் சிந்திவிட்டு, மூன்று மடக்கு குறைந்த தம்ளரைத் திரும்ப அங்கேயே வைத்தாள்.