கழிவு இல்லாத காகிதம்

ராக்காயி குடையை மடக்கி வாசலில் வைக்கவில்லை. சொட்டச் சொட்ட உள்ளே கொண்டுபோய் அந்த நிதிக் கம்பனியின் கண்ணாடி மேசைமேலேயே போட்டாள். டை கட்டி உட்கார்ந்திருந்த சுதாகரன் பதறி எழுந்து காகிதங்களை ஒதுக்கினான்.

"பெரியம்மா, உக்காருங்க. டீ சொல்லவா?"

முப்பத்துநாலு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவளுக்கு ஹட்டன் டவுனில் ஓசி டீ! அதைக் கேட்டதுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓய்வுக்கால ஈ.பி.எஃப் காசு ஆறு லட்சம் கைக்கு வந்த நாளிலிருந்து தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு வீரய்யா கறவை மாடு வாங்கச் சொன்னான். நகைக்கடை மர்சூக் நானா பவுன்தான் பாதுகாப்பு என்றார், அவர் வேறென்ன சொல்வார்? ராக்காயிக்கு வேண்டியது ஒன்றுதான். மாசம் பிறந்தால் வட்டி வர வேண்டும், முதல் அப்படியே கிடக்க வேண்டும், பிரஷர் மாத்திரைக்கு மகளிடம் கையேந்தக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் சுதாகரன் கம்பனியின் நீலக் காகிதத்தோடு லயத்துக்கே வந்தான். கீழ் லயத்துக் காளியாயியின் மகன். காளியாயி அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். நம்ம பிள்ளை என்று அவனுக்குப் பாயை விரித்துப் போட்டாள்.

அவனிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. "இதுல கழிவு எவ்வளவு தம்பி?"

வேறென்ன கேட்பாள்? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் போடும்போதெல்லாம் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ, மூன்று கிலோ கழிவாக அடித்துவிடுவார்கள். அதற்காக நிறுவை எழுதும் கண்டாக்கோடு சண்டை போட்டே வாயாடி என்று பெயரெடுத்தவள் அவள்.

"கழிவே இல்ல பெரியம்மா. போட்டது போட்டபடி இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோனாள். ஆறு லட்சத்துக்கும் கையெழுத்துப் போட்டாள். காகிதம் முழுக்க இங்கிலீஷ்.

கொழும்பிலிருந்து வந்த மகள் சுலக்ஷனா நேற்றுத்தான் அதை வாசித்தாள். அம்மா நினைத்ததுபோல் நிலையான வைப்பே இல்லை, இன்ஷூரன்ஸ் காப்புறுதி. பத்து வருஷம் தொட முடியாது, நடுவில் எடுத்தால் பாதி போய்விடும். மாச வட்டி என்ற பேச்சே இல்லை. கையெழுத்துப் போட்டு இருபத்தொரு நாளுக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் மட்டும் காசு திரும்பும். இன்றைக்கு இருபதாவது நாள். மகளே கடிதமும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

ராக்காயி கடிதத்தை மேசையில் வைத்தாள். "இத எடுத்துக்கிட்டு சீல் குத்திக் குடு."

சுதாகரன் வாசித்தான். முகம் மாறியது. "மெனேஜர் இல்லியே. நாளன்னைக்கு வாங்களேன்."

"நாளன்னைக்கு வந்தா நாள் முடிஞ்சிருமே. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"சத்தம் போடாதீங்க பெரியம்மா. நான் பொய் சொல்லலியே. கழிவு இருக்கான்னு கேட்டீங்க, இல்லேன்னேன். கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

ராக்காயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்டாக்கு பறித்ததாவது தராசு முள் கண்ணுக்குத் தெரியப் பறித்தது.

"நீ மடுவத்துல ஒங்கம்மா சேலையப் புடிச்சிக்கிட்டு நின்ன பய. நாங்க என்ன கேப்போம்னு ஒனக்குத் தெரியும். என்ன கேக்கத் தெரியாதுன்னும் தெரியும். அதவச்சே வித்திருக்கியேடா!"

பக்கத்து மேசையில் டயகமவோ வட்டகொடையோ, எந்தத் தோட்டத்தவளோ ஒருத்தி பேனாவைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. அவள் முன்னாலும் அதே நீலக் காகிதம்.

"ஏம்மா, கழிவு எவ்வளவுன்னு கேட்டியா?" என்றாள் ராக்காயி.

"கேட்டேங்க. இல்லேன்னாங்க."

"கேட்டது போதாது. எப்ப வேணும்னாலும் எடுக்கலாமான்னு கேளு. மாசா மாசம் கைக்கு என்ன வரும்னு கேளு. தமிழ்ல எழுதித் தரச் சொல்லு."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, சீல் விழாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்பதுபோல் உட்கார்ந்தாள். சுதாகரன் டெலிபோனை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் கண்ணாடியில் ஓடி அவளுடைய கடிதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரி பேனாவுக்கு மூடியைப் போட்டு வைத்துவிட்டு, எட்டி அந்தக் கடிதத்தைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்தாள்.