முதலாளி கீறிய சரம்

விடிவதற்கு முன்பே கொட்டகையில் மிளகாய் உடைபடும் சத்தம் தொடங்கிவிடும். திஸா ஆற்றிலிருந்து கிளம்பும் பனி கதவுவரை வந்து நிற்கும். உள்ளே நாங்கள் குட்டை முக்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். மடியில் சாக்கு, ஒரு கையில் கத்தி, மறு கையில் காய்ந்த மிளகாய். காம்பைக் கிள்ளி, வயிற்றைக் கீறி, உள்ளே ஒட்டியிருக்கும் வெளுத்த நரம்பை ஒரே இழுப்பில் பிய்த்துவிட வேண்டும். காரமெல்லாம் அந்த நரம்பில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இனிப்பு மிளகாய். அரைத்தால் நல்ல விலைக்குப் போகும் தூள், பட்டணத்துக்காரர்கள் கோழிக் குழம்பில் அள்ளிப் போட்டு ருசித்துச் சாப்பிடும் தூள். காரம் மட்டும் எங்கள் பங்கு. அது விரலிடுக்கில் இருக்கும், இமையில் இருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளின் மார்பிலும் இருக்கும்.

நெடி எங்களுக்குப் புதிதல்ல. தும்முவோம், கண்ணீர் வடிப்போம், பிறகு பாடுவோம். அந்த வருஷம் வந்தது வேறு இருமல். அறுவடை நேரத்தில் மழை விடவில்லை, ஆறு கரையைத் தாண்டி வந்து வயலில் படுத்துக்கொண்டது. காராஸ் முதலாளி ஈரக் காயை அப்படியே வாங்கி, காயவைக்கப் பொறுமையில்லாமல் கொட்டகை மூலையில் மலையாகக் குவித்தார். வெளியே பார்த்தால் காய் பளபளவென்று சிவப்பாக இருக்கும். கீறினால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். கத்தி பட்டதும் புகையாகக் கிளம்பி நேரே மூக்குக்குள் போகும். சன்னலைத் திறக்கலாம் என்றால், ஈரக்காற்றில் காய் துவண்டுவிடும், நரம்பு சுத்தமாக வராது என்று சொல்லி இடுக்கெல்லாம் மாவுப் பசை தடவிக் காகிதம் ஒட்டிவிட்டார். காய் துவளக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறையில் கால்வாசி எங்கள் மேல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் பக்கத்து முக்காலி எத்தெல்காவுடையது. புருஷன் இல்லாதவள். மகளோடு ஆலைக்குப் பின்னால், முதலாளியின் வரிசை வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். கொட்டகையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அந்த வருஷம் பாட்டு பாதியில் நின்று இருமலாக மாறியது. இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது முட்டிக்கொண்டு வரும், நடுவில் மூச்சை உள்ளே இழுக்க இடமிருக்காது. முகம் சிவந்து, பிறகு நீலம் பாரித்து, கண் பிதுங்கும். அப்படி ஒரு காலையில் இருமிக்கொண்டே இருந்தவள் சட்டென்று அடங்கி, முக்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். கையும் காலும் லேசாக வெட்டி இழுத்தன.

எதிர் வரிசையில் இருந்த பொர்ச்சா ஓடிவந்தாள். வாய் பெரிய வாய், மனசு அதைவிடப் பெரிது. எங்கள் பக்கத்தில் காக்கா வலிப்பு வந்து விழுந்தவர் மேல் கறுப்புத் துணி போர்த்தி, உள்ளங்கையில் இரும்புச் சாவியை வைத்து அழுத்துவது வழக்கம். பொர்ச்சா தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து எத்தெல்காவின் முகத்தில் போட்டாள், கொட்டகைக் கதவின் சாவியைக் கையில் திணித்தாள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள். நாங்களும் சிலுவை போட்டுக்கொண்டு சுற்றி நின்றோம். எத்தெல்கா உடனே விழித்துக்கொண்டாள். துணியை விலக்கிவிட்டு, யார் செத்துப்போனது என்று கேட்டாள்.

சிரித்தோம். ஆனால் அந்தத் துணி கொட்டகையோடு நிற்கவில்லை. மாலைக்குள் கரை முழுக்கப் பேச்சாகிவிட்டது. எத்தெல்கா இன்னும் இரண்டொரு முறை விழுந்தபின் காராஸ் கொட்டகைக்கு வந்தார். ஆள் நல்ல கனம், கழுத்து சட்டைப் பட்டைக்கு மேல் மடிந்து தொங்கும், வாயில் சுருட்டு அணையாது. கதவருகிலேயே நின்று, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"வலிப்புக்காரிய கத்தி பொழங்குற எடத்துல வச்சுக்க முடியாது. மார்டின் திருநாள் வரைக்கும் இரு. மறுநாள் காலைல வீட்டுச் சாவி எங்கைக்கு வரணும்."

எத்தெல்கா எழுந்து நின்றாள். "எனக்கு வலிப்பு கெடையாது எசமான். இருமி இருமி மூச்சு அடைக்குது, கண்ணு இருட்டிட்டு வருது. கோயில்ல விழுந்தேனா, ஆத்துல துணி தொவைக்கும்போது விழுந்தேனா? இந்தக் குவியலுக்குப் பக்கத்துல மட்டுந்தான் விழுறேன்."

"நானா சொன்னேன் வலிப்புன்னு? உங்க ஆளுங்கதான் கறுப்புத் துணி போட்டாங்க, சாவி குடுத்தாங்க. ஊரே சொல்லுது." சுருட்டை உதட்டின் மறு ஓரத்துக்கு மாற்றினார். "கத்தியோட விழுந்து கைய அறுத்துக்கிட்டா, தூள்ல ரத்தம் கலந்தா, எவன் வாங்குவான்?"

"செவப்போட செவப்பு, யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் பொர்ச்சா.

யாரும் சிரிக்கவில்லை. வலிப்புக்காரி என்ற பெயரோடு வெளியே போனால் கரையிலுள்ள எந்த ஆலையும் எத்தெல்காவை வாசல்படி ஏற்றாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மார்டின் புனிதரின் திருநாள் முடிந்தால் குளிர்காலம் வந்துவிடும், மகளை எங்கே கூட்டிக்கொண்டு போவாள்? அவளைத் துரத்தப்போவது நாங்கள் போட்ட துணி.

அந்த வாரத்திலேயே பொர்ச்சா விழுந்தாள். மாடு மாதிரி உடம்பு, நோயென்று படுத்ததில்லை. இருமல் பிடித்து உலுக்கி, எத்தெல்காவைப் போலவே சரித்துவிட்டது. கையிலிருந்த கத்தி என் காலருகில் வந்து விழுந்தது. நான் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்காது.

"எவளாவது எம்மேல துணி போட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்."

பிறகு எத்தெல்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இதுவா உனக்கு வந்தது, இதையா நான் வலிப்பு என்று ஊருக்குச் சொல்லிவிட்டேன் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நாங்கள் கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சொன்னோம். முதலாளியிடமிருந்து பதில் வந்தது: ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி நடிக்கிறாள், அடுத்து விழுகிறவளும் மூட்டை கட்டலாம்.

நடிப்பாம். அந்தச் சொல்தான் எங்களைத் திருப்பிப் போட்டது. அதுவரை கெஞ்சலாம் என்று இருந்தவர்கள்கூட அன்று கெஞ்சும் யோசனையை விட்டார்கள். குவியலை ஆற்றில் கொட்ட வேண்டும், சன்னலைத் திறக்க வேண்டும், எத்தெல்கா அவள் முக்காலியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கத்தியைத் தொடுவதில்லை என்று பேசி முடித்தோம். அரைக்கும் கல்லில் வேலை செய்யும் கெர்கோவிடம் சொன்னபோது, நீங்கள் கீறாவிட்டால் நாங்கள் எதை அரைப்பது, உங்கள் கத்தி நின்றால் எங்கள் கல்லும் நிற்கும் என்றான். ஆனால் பொர்ச்சாவுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எங்களுக்கு நியாயம் வேண்டும், அதோடு பழியும் வேண்டும்.

அதற்கு வழி முதலாளியின் வழக்கத்திலேயே இருந்தது. மார்டின் திருநாளன்று வாத்தும் புது ஒயினும் பரிமாறுவதற்கு முன் முதலாளி கொட்டகைக்கு வந்து, எங்கள் நடுவில் உட்கார்ந்து, நூலில் கோத்த ஒரு முழு மிளகாய்ச் சரத்தைத் தன் கையால் கீற வேண்டும். பாதியில் எழுந்தால் வருகிற வருஷம் விளைச்சல் படுத்துவிடும் என்பது காராஸின் அப்பா காலத்திலிருந்தே உள்ள நம்பிக்கை. அவருக்கென்று வெயிலில் காய்ந்த நல்ல காயாகப் பொறுக்கிச் சரம் கோப்பது எங்கள் வேலை. அந்த வருஷமும் நாங்கள்தான் கோத்தோம். குவியலின் அடியிலிருந்து, வெளித்தோல் மட்டும் பளபளக்கும் காயாகப் பார்த்துப் பார்த்துக் கோத்தோம். எத்தெல்கா அதன் முனையில் சிவப்பு ரிப்பன்கூடக் கட்டினாள்.

திருநாள் காலையில் காராஸ் புதுக் கோட்டில் வந்தார். கூடவே வியன்னாவிலிருந்து தூள் கொள்முதலுக்கு வந்தவர் ஒருவர், நல்ல தங்க மூக்குக்கண்ணாடி. பாதிரியாரும் வந்தார். விருந்தாளிகள் காற்றுக்காகக் கதவருகில் நின்றுகொண்டார்கள். காராஸ் கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். விருந்தாளி முன்னால் மூக்கைப் பொத்த முடியாதல்லவா. முக்காலி முனகியது. பொர்ச்சா சரத்தை அவர் மடியில் பக்தியோடு வைத்தாள்.

முதல் காயைக் கீறினார். சாம்பல் புகை எழும்பியது. கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். அதிலும் புகை. எங்களை ஒரு பார்வை பார்த்தார், புரிந்துவிட்டது. ஆனால் எழ முடியாது. கதவருகில் வியன்னாக்காரர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார், மடியில் முடியாத சரம் கிடந்தது. காய் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லவும் வாய் வராது. கீறினார். இருமினார். சுருட்டுக் குடித்தே புண்ணான நெஞ்சு அது, இருமல் ஒருமுறை பிடித்தால் விடுமா? முகம் மிளகாய்ச் சிவப்பாகி, பிறகு நீலமாகி, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தெல்கா விழும்போது இவர் பார்த்திருக்க வேண்டிய முகம் அது.

மடேரென்று விழுந்தார். புதுக் கோட்டு முழுக்க நரம்பும் விதையும் ஒட்டிக்கொண்டன.

கொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நானும் எத்தெல்காவும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினோம். ஆனாலும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொர்ச்சா தலைத்துணியை நிதானமாக அவிழ்த்து அவர் முகத்தில் போர்த்தினாள். எத்தெல்கா மேலங்கிப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். மறுநாள் அவள் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீட்டுச் சாவி. அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

காராஸ் துணிக்குள் முனகினார், அதை இழுத்துப் போட்டார், எழுந்து உட்கார்ந்தார். கலங்கிய அவர் கண்ணுக்கு எங்கள் கால்களும் பாதிரியாரின் அங்கியும் ஒன்றாகக் கலந்து தெரிந்திருக்கும்.

"பயப்படாதீங்க எசமான்," என்றாள் பொர்ச்சா, நோயாளியிடம் பேசும் குரலில். "காக்கா வலிப்பு. இனி கத்தி பக்கம் வராதீங்க. வீட்டையும் நாளைக்குக் காலி பண்ணிருங்க."

"வலிப்பா? யாருக்குடி வலிப்பு?" அவர் குரல் கரகரத்தது. "பூஞ்சணம் புடிச்ச காயக் குடுத்துட்டு வலிப்புங்கறியா? நெடி இது. இந்த நெடியில குதிரைகூட மூச்சடைச்சு விழும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வியன்னாக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பூஞ்சணமா, எந்தக் காயில், எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார். மூலையிலிருந்த மலையை அண்ணாந்து பார்த்தார். பாதிரியார் தன் காலணியைப் பார்த்தார்.

எத்தெல்கா முதலாளியின் எதிரே குனிந்தாள். "குதிரையே விழும்னா நான் எந்த மூலைக்கு எசமான்? இப்ப சொல்லுங்க. எனக்கு வந்தது என்ன?"

காராஸ் கையிலிருந்த சாவியை அப்போதுதான் பார்த்தார், தேளைப் பிடித்தவர் போல உதறி எறிந்தார். எல்லோரும் வெளியே போங்கள், ஒருத்திக்கும் வேலை இல்லை, காவலரைக் கூப்பிடுகிறேன் என்று கத்திக்கொண்டே, திரும்பி நடந்துவிட்ட வியன்னாக்காரர் பின்னால் ஓட முயன்று, வாசலில் மறுபடி இருமினார்.

நாங்கள் வெளியே போகவில்லை. கத்தியை எடுத்தோம், மிளகாய்க்காக அல்ல. சன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சரசரவென்று கிழித்தோம். ஒவ்வொரு சன்னலாகத் திறந்தபோது ஆற்றுக் காற்று உள்ளே வந்து முகத்தில் அடித்தது. குளிர் எலும்பில் ஏறியது. அந்தக் குளிரில் நாங்கள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினோம். பிறகு அவரவர் முக்காலியில் கை கட்டி உட்கார்ந்துகொண்டோம். எதிரே ஆலையில் கல் சுற்றும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நின்றது. கெர்கோவும் அவன் ஆட்களும் உடம்பெல்லாம் சிவப்புத் தூளோடு முற்றத்தைத் தாண்டி வந்து கொட்டகைக் கதவில் தோளோடு தோள் நின்றார்கள்.

காவலர் வரலாம். நாளை எங்கள் எல்லோருடைய பாத்திரம் பண்டமும் தெருவில் கிடக்கலாம். வியன்னாக்காரர் வேறு ஆலைக்குப் போனால் இந்த ஆலையே மூடலாம். எதுவும் முடிவாகவில்லை, எங்களுக்கும் அது தெரியும். வாத்து வறுபடும் மணம் மட்டும் சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதை எங்களுக்குக் கொடுக்கப்போவதில்லை என்று பொர்ச்சா வருத்தப்பட்டாள்.

எத்தெல்காவுக்கு மறுபடி இருமல் வந்தது. பொர்ச்சா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அவளைத் திறந்த சன்னலருகே கூட்டிப்போய், இருமல் அடங்கும்வரை இறுகப் பிடித்துக்கொண்டோம். அன்று அவள் விழவில்லை. மூச்சு சீரானதும் எங்கள் கைகளை விலக்கிவிட்டு நடந்துபோய், மிளகாய் விதைகளுக்கு நடுவே கிடந்த வீட்டுச் சாவியைக் குனிந்து எடுத்தாள். ஊதித் துடைத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தன் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.