பூட்ஸ் உரசிய இடம்

அக்கா போன் செய்தபோது பல் மாமா ஒரு முன்பல்லுக்கு லேசாக மஞ்சள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

பல் செட் செய்வதுதான் அவர் தொழில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். வாய்க்குச் சொந்தக்காரரை அவர் பார்ப்பதேயில்லை, அச்சை மட்டும்தான் பார்ப்பார். பல் வெள்ளைவெளேரென்று இருந்தால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கீறல், இடுக்கில் காபிக் கறை என்று பல்லுக்கு வயசு போட வேண்டும். அதில் அவரை அடிக்க ஆளில்லை. 'பல் மாமா' என்ற பெயரை வைத்தது அக்கா மகன்தான். பேச ஆரம்பித்த வயதில் அவன் வைத்த பெயர், சொந்தக்காரர்கள் வாயில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, கடைசியில் லேப் வாசல் போர்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

"வேலையா இருக்கியாடா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, சொல்லு."

"அவன் ஓட்டின விமானத்தைச் செஞ்சு குடுக்கிறியா? நீ செய்வியே, சின்னதா, அந்த மாதிரி."

"செய்றேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள். பல் மாமா தூரிகையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மஞ்சளைத் தொடர்ந்தார்.

அக்கா மகன் போர் விமானி. பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பி இறங்கும் நேரத்தில் எஞ்சின் நின்று, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இருந்த வெட்டவெளியில் விழுந்தான். சவப்பெட்டியை யாரும் திறக்கவில்லை. வந்தவர்களெல்லாம் அழுதார்கள். பல் மாமா நாற்காலி அடுக்கினார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், வாசலில் குவிந்த செருப்புகளை ஓரமாகத் தள்ளி வழி விட்டார். ஒன்றுவிட்ட சித்தி ஒருத்தி, "சின்ன வயசுல அவன் கையில விமானத்தைக் குடுத்தவனே நீதானே" என்று மூக்கை உறிஞ்சினாள். "ஆமா சித்தி" என்றார். பிறகு, "கல்லுளிமங்கன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு" என்று அவளே யாரிடமோ சொன்னதும் காதில் விழுந்தது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்து சற்று நேரம் காத்திருந்துகூடப் பார்த்தார்.

அக்காவும் அப்படித்தான் இருந்தாள். அத்தான் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொம்மை விமானத்தின் பாகங்கள் அடங்கிய பெட்டியை வழக்கமான கடையில்தான் வாங்கினார். முன்னறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். தனிக்கட்டை. 'எப்போ சாப்பிட வர்றீங்க' என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. முதலில் விமானி உட்காரும் இடம். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை நறுக்கி இருக்கைக்கு வார் செய்தார். பழைய போன் வயருக்குள் இருந்த செம்புக் கம்பியைப் பிரித்து, சக்கரக் கால்களில் எண்ணெய்க் குழாயாக ஒட்டினார். உடம்புத் தகடுகளின் இணைப்புக் கோடுகள் மங்கலாக இருந்தன. அவற்றை மெழுகு செதுக்கும் கத்தியாலும் பல் குத்திப் பார்க்கும் ஊசியாலும் ஆழப்படுத்தினார். கை தன் பாட்டுக்கு ஓடியது. இருக்கையைப் பொருத்தும்போது, இதில் உட்கார்ந்தவன் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது.

சாம்பல் நிறம் அடித்துக் காய்ந்த பிறகுதான், கறை எங்கே எங்கே என்று தெரியாதது உறைத்தது. எல்லா விமானமும் ஒரே மாதிரி அழுக்காவதில்லை. படைத்தளத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு, படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் பிடிகொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"நான் அவர் விமானத்தைப் பாத்துக்கிட்ட மெக்கானிக். லீவுல அந்தப் பக்கம்தான் வர்றேன். நேர்ல வரலாமா?"

வந்தாள். முப்பதைத் தாண்டியவள், நகக்கண்ணில் கழுவியும் போகாத கறுப்பு. மேசையின் முன் குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாகம் பாகமாகப் பார்த்தாள். வாலில் ஒட்டுவதற்காக அவர் வெட்டி வைத்திருந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இந்த நம்பர் எங்க கிடைச்சது?"

"பேப்பர்ல வந்த படத்துல. வால் பக்கம் மட்டும் உடையாம கிடந்துச்சே."

"இது அவர் விமானம் இல்லிங்க."

பல் மாமா எண் வெட்டிய துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அன்னைக்கு அவரோடது மக்கர் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. சக்கரம் ஒழுங்கா உள்ள மடங்கல. நான்தான் ஜாக்கி வச்சுத் தூக்கி நிறுத்தியிருந்தேன். அதனால வேற ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போனார்." தன் விரல்களையே பார்த்தாள். "ஒரு நாள் முன்னாடி முடிச்சிருந்தேன்னா..."

"காபி போடறேன், குடிங்க" என்றார் அவர்.

இரண்டு தம்ளர்களோடு திரும்பி வந்தபோது அவள் தன் போனில் படங்களை எடுத்து வைத்திருந்தாள். அவனுடைய விமானம். வெயிலில் நிற்பது, கொட்டகையில் நிற்பது, மழையில் நனைவது. விமானி ஏறும் இடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'தூக்கம்' என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"அவர் பட்டப்பேரு. எங்க உக்காந்தாலும் தூங்கிடுவார். ஒரு தடவை பெரிய அதிகாரி பேசிக்கிட்டு இருக்கும்போது முதல் வரிசையில குறட்டை. அன்னையிலேர்ந்து தூக்கம் சார்தான்." சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "இப்போ மேல பெயிண்ட் அடிச்சு அழிச்சிட்டாங்க."

"விமானம்?"

"இருக்குதே. நேத்துகூடப் பறந்துச்சு."

பிறகு அழுக்கைப் பற்றிச் சொன்னாள். வயிற்றில் எண்ணெய் எந்தப் பக்கம் ஒழுகும், பீரங்கி வாய்க்குப் பின்னால் புகை எவ்வளவு நீளத்துக்குப் படியும், எந்தத் தகட்டை மாற்றியதால் அங்கே மட்டும் சாம்பல் நிறம் வேறாக இருக்கும் என்று. கடைசியில் ஏணி சாய்க்கும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பெயிண்ட் தேய்ந்து, அடித்தகடு வெள்ளியாகத் தெரிந்தது.

"ஏறும்போது வலது காலைத் தூக்கி வைக்க மாட்டார். தேச்சுத்தான் வைப்பார். 'சார், பெயிண்ட் போகுது சார்'னு தினம் கத்துவேன். 'எறும்பு ஊரக் கல்லே தேயுதாம், தகரம் தேயாதா'ம்பார். நானும் டச்சப் பண்ணிப் பாத்து விட்டுட்டேன்."

போகும்போது வாசலில் நின்றாள். "எதைச் செய்யப் போறீங்க?"

"அக்காவைக் கேட்டுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் டிவி முன்னால். பல் மாமா சுற்றி வளைக்கவில்லை. அவன் விழுந்த விமானம் வேறு, அவன் பெயர் எழுதியிருந்த விமானம் வேறு என்று சொன்னார். ஏன் மாற்றி எடுத்துப் போனான் என்பதையும் சொன்னார். அக்கா தலையணை உறையை நாலாக மடித்து, மடிப்பின் மேல் பெட்டியை ஓட்டினாள்.

"அப்போ அவனோடது நல்லா இருக்கு."

"பறக்குதாம்."

"அதை இப்போ யார் ஓட்டுறா?"

"தெரியலக்கா. வேற யாராவது பையன்."

"அவனுக்கு அம்மா இருக்காளா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ம்." அடுத்த உறையை எடுத்தாள். துணி கருகும் வாசனை வரவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஒழுங்காகத்தான் தேய்த்தாள். முடித்து, பெட்டியின் ஒயரைப் பிடுங்கிய பிறகு சொன்னாள்: "திரும்பி வந்ததைச் செய்."

"பேரும் போடணும். 'தூக்கம்'னு எழுதியிருந்தாங்களாம்."

அக்கா முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அங்க போயுமா தூங்கினான்?"

"குறட்டை வேற."

"கருமம்" என்றாள். உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா இல்லையா என்று தெரிவதற்குள் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெட்டி வைத்த பழைய எண்ணைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது எண்ணை ஒட்டினார். 'தூக்கம்' என்ற எழுத்தை எழுத, தூரிகையில் இரண்டே மயிரை விட்டுவிட்டு மற்றதை வெட்ட வேண்டியிருந்தது. மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிட்டார். பிறகு அழுக்கு. கறுப்பையும் பழுப்பையும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து ஊசி நுனியால் தொட்டதும், கோடு வழியாகத் தானாக ஓடியது. பஞ்சுக்குச்சியால் காற்று போகும் திசையில் துடைத்தார். புகைக்குக் கறுப்புச் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கிக்கொண்டார். பொடியின் மேல் மங்கல் வார்னிஷ் அடித்தால் புகை பாதி மறைந்துவிடும். அதனால் அதன் மேல் எதுவும் அடிக்காமல் அப்படியே விட்டார். மாற்றிய தகட்டுக்குச் சாம்பலில் ஒரு துளி நீலம். கடைசியாக, ஏணி சாய்க்கும் இடத்தில் வெள்ளிப் பென்சிலால் மெல்ல, மிக மெல்ல ஒரு தேய்ப்பு.

முடித்துப் பின்னால் சாய்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருந்தது. அது தெரிந்தது, அவ்வளவுதான். கை கழுவி, சோற்றைப் போட்டுக்கொண்டு, நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்து வைத்தபோது அவள் முகம் சுருங்கியது.

"ஏன்டா இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"அப்படித்தான்க்கா இருக்கும். பறக்கிற விமானம்."

"புதுசா செஞ்சதுதானே. சுத்தமா செஞ்சிருக்கலாமில்ல? வீட்டுல வைக்கிறது."

இதே கேள்வியைப் பல் செட் வாங்குகிறவர்கள் டாக்டரிடம் கேட்பதாகப் பல் மாமா கேள்விப்பட்டிருக்கிறார்.

அத்தான் எழுந்து வந்தார். விமானத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, கவிழ்த்து, அதன் வயிற்றைப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தை யார் பாக்கப் போறா? இங்கயும் பூசியிருக்க."

"யாரும் பாக்க மாட்டாங்க, அத்தான். ஆனா ஒழுகும்."

"எஞ்சின்னா ஒழுகத்தான் செய்யும்" என்றார் அத்தான். "ஒழுகாத வண்டியை நம்பக் கூடாது. உள்ள எண்ணெயே இல்லன்னு அர்த்தம்." அவர் முழுதாக ஒரு வாக்கியம் பேசிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அக்கா அவரையே பார்த்தாள். அவர் விமானத்தை நேராக வைத்து, ஏணிப் பக்கம் விரலைக் காட்டினார். "இது என்ன, கீறிடுச்சா?"

பல் மாமா சொன்னார். வலது கால், தேய்த்து ஏறுவது, மெக்கானிக் தினம் கத்தியது. சொல்லச் சொல்ல இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா விமானத்தைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். அவன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைப்பாள் என்று அவர் நினைத்திருந்தார்.

அதன்பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் மத்தியானம் லேபில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"துடைச்சிட்டேன்டா."

"எதை?"

"அதைத்தான். தினம் ஈரத்துணியால துடைப்பேன். ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அதையும் சேத்து. இன்னைக்குப் பாத்தா புகையெல்லாம் போயிடுச்சு. காலை வச்ச இடமும் போயிடுச்சு." குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் போனை வைக்கவில்லை. "மறுபடி பூசிக் குடுக்க முடியுமா?"

சாயங்காலம் சின்ன டப்பாக்களோடு போனார். அத்தான் டிவியை அணைத்துவிட்டு வந்து மேசை விளக்கைத் திருப்பிப் பிடித்தார். பல் மாமா கறுப்புப் பொடியைத் தொட்டுப் புகையை ஏற்றினார். சாம்பல் மெல்ல மெல்லப் பழைய சாம்பலானது. வெள்ளிப் பென்சிலை எடுத்தபோது அக்கா கையை நீட்டினாள்.

"நான் போடட்டுமா?"

கொடுத்தார். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, குனிந்து, தரையைத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். பல் மாமா பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். 'தூக்கம்' என்ற எழுத்தைத் தொட்டுவிடும் அளவுக்குத் தேய்ப்பு பெரிதாகிவிட்டிருந்தது.

"அக்கா, போதும். அவ்வளவு பெருசா இருக்காது."

"அவன் கால் பெருசுடா" என்றாள் அக்கா. "உனக்கென்ன தெரியும்? கடை கடையா ஏறி இறங்கினாலும் அவனுக்குச் செருப்பு கிடைக்காது."

"பத்தாவது படிக்கும்போதே என் சைஸைத் தாண்டிட்டான்" என்றார் அத்தான்.

பல் மாமா கையை எடுத்தார். அவள் இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் பென்சிலை நீட்டினாள். அவர் அதைத் திருத்தவில்லை. அந்த இடத்தின் மேல் மட்டும் வார்னிஷைத் தொட்டு வைத்தார். காயும்வரை கை வைக்க வேண்டாம், இனிமேல் ஈரத்துணி கூடாது, காய்ந்த தூரிகையால் தட்டினால் போதும் என்று சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போ" என்று அடுப்பைப் பற்றவைத்தாள். வார்னிஷ் காய்வதற்காக மேசையை விட்டுவிட்டு மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.