மாப்பிள்ளையின் வெயில்

மழை பிடித்துக்கொண்ட இரண்டாம் நாள் காலையில் ஊர் மின்சாரம் போனது. கட்டிலில் சாய்ந்திருந்த ஃபோர்மேனின் மூக்குக் குழாயில் மட்டும் காற்று நிற்கவில்லை. மூலையில் ஆக்சிஜன் மெஷின் வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மாடியில் மாட்டிவிட்டுப் போன சோலார் தகடுகளின் பேட்டரியில்தான் அது ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அனல்மின் நிலையத்துப் பாய்லருக்கு முன்னால் வாழ்க்கையைக் கழித்தவர். நிலக்கரித் தூசி நுரையீரலில் குடியேறிவிட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட, "சமையக்கட்டுப் புகையா இருக்கும்" என்று மனைவியைப் பார்த்தவர். மற்ற மின்சாரமெல்லாம் அவருக்கு இளக்காரம். காற்றாலை, வந்தால் வந்தான் வராவிட்டால் போனான் என்கிற தினக்கூலி. அணை, வானத்திடம் கையேந்தும் பிச்சைக்காரன். அணு உலை, பெரிய இடத்து மருமகள்; அடங்கியிருக்கும்வரை லட்சணம், கோபித்துக்கொண்டால் ஊரையே காலிசெய்ய வேண்டும். சூரியனுக்கு உதட்டைப் பிதுக்குவதோடு சரி. அந்தத் தகடுகளை விற்கிறவனுக்குத்தான் மகள் கழுத்தை நீட்டினாள்.

மகள் வெளியூரில் மாட்டிக்கொள்ள, மாப்பிள்ளை மட்டும் நனைந்தபடி வந்து சேர்ந்தான். பேட்டரியைப் பார்த்துவிட்டு மாமியாரிடம் மெதுவாகச் சொன்னான்.

"மேகமா இருக்கு அத்தை, கொஞ்சம்தான் ஏறுது. மெஷின் மட்டும் ஓடினா நாளைக்கு வரைக்கும் தாங்கும். ஃபிரிட்ஜ், ஃபேனையெல்லாம் அணைச்சிடுங்க."

ஃபோர்மேனுக்குக் காது மட்டும் பழுதில்லை. "என்ன மாப்பிள்ளை, உங்க முதலாளி இன்னைக்கு லீவா?"

"லீவு இல்ல மாமா. அரை நேரம்."

"எங்க பாய்லர் மழைன்னு ஒருநாள் அணைஞ்சதில்ல. எதிர்காலம் எதிர்காலம்னு நீங்க அளக்கறதெல்லாம் மேகம் வர்ற வரைக்கும்தான்." மீதியை இருமல் விழுங்கியது.

மனைவி ஃபேனை அணைத்தாள்.

"போடுடி."

"ஃபேன் வேணுமா, மூச்சு வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் தூரத்தில் அனல்மின் நிலையம் தெரியும் ஜன்னலைக் காட்டினார். "நம்ம சிம்னியில புகை வருதா பாருங்க, மாப்பிள்ளை."

அவன் எட்டிப் பார்த்தான். தேவைக்கு மேலேயே பார்த்தான். "மழையில சரியா தெரியல மாமா."

ஃபோர்மேனுக்குப் புரிந்துவிட்டது. ஈரக்கரி எரிந்திருக்காது. நிலையமே நின்றிருக்கிறது, அதனால்தான் ஊர் இருண்டு கிடக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. இவன் போய்த் தன்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறானே என்பதுதான் முள்ளாகத் தைத்தது.

"பொய் சொல்லவும் ஒரு லாயக்கு வேணும்" என்றார்.

மாப்பிள்ளை கொடியிலிருந்த பழந்துணியை எடுத்தான். "காத்துல வந்த இலையெல்லாம் தகட்டுமேல ஒட்டிக் கிடக்கு அத்தை. துடைச்சிட்டு வந்துடறேன்."

"இந்த மழையிலயா?"

"வர்ற வெளிச்சமே கொஞ்சம். அதையும் மறைச்சுட்டா எப்படி?"

அவன் படியேறும் சத்தம் கேட்டது. "வழுக்கி விழுந்து வைக்கப்போறான். அதுக்கும் மாமனார்தான் காரணம்னு உன் மக சொல்லுவா" என்றார் ஃபோர்மேன்.

தலைக்குமேல் காலடிகள் ஒவ்வொன்றாக மாடியின் விளிம்புப் பக்கம் நகர்ந்தன. பிறகு நின்றன. மழை மட்டும் கேட்டது. மெஷின் தள்ளிய காற்றை உள்ளே இழுத்தவர், வெளியே விட மறந்து, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.